பழுப்புப் பாசிகளும் அவை கட்டும் கடற்காடுகளும்

தாவரவியல் படிக்கும் மாணவி ஒருவர் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். ராமேசுவரம் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பழுப்புப் பாசி ஒரு தாவரமா? கடலில் அதற்கு என்ன வேலை? படங்களில் பார்க்கும், கெல்ப் என்னும் பெரிய பழுப்புப் பாசிகளின் பிரம்மாண்டமான காடுகள் நம் கடலில் ஏன் இல்லை? மூன்றாவது கேள்விதான் சுவையானது. ஆனால் முதல் இரண்டையும் தாண்டாமல் அதற்குப் போக முடியாது.

முதல் கேள்விக்குப் பதில்: தாவரம் இல்லை. பாடப்புத்தகம் பச்சைப் பாசி, சிவப்புப் பாசி, பழுப்புப் பாசி என்று மூன்றையும் ஒரே அத்தியாயத்தில் அடுக்கிவிடுவதால் மூன்றும் பங்காளிகள் என்று நினைத்துவிடுகிறோம். பச்சைப் பாசிக்கும் வேப்பமரத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. சிவப்புப் பாசிக்கும் அந்தப் பரம்பரையில் ஓர் இடம் உண்டு. பழுப்புப் பாசியோ வேறு வம்சம். அதன் உண்மையான உறவினர்கள் டையாட்டம் என்னும் நுண்ணுயிர்களும், பூஞ்சை போலத் தோற்றமளிக்கும் நீர்ப்பூசணங்களும்தான். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழித்துப் பெரும் பஞ்சத்தை உண்டாக்கினதே, அந்த நோய்க்கிருமி பழுப்புப் பாசிக்குத் தூரத்து உறவு. வேப்பமரத்தைவிட அதுவே நெருக்கம்.

பிறகு ஒளிச்சேர்க்கை செய்யும் திறன் எங்கிருந்து வந்தது? அது இரவல் சொத்து. வெகுகாலத்துக்கு முன்பு இந்த வம்சத்தின் ஒற்றைச் செல் மூதாதை ஒன்று, சிவப்புப் பாசி ஒன்றை விழுங்கி, அதைச் செரிக்காமல் உள்ளேயே குடிவைத்துக்கொண்டது. அதன் எச்சம்தான் இன்றைய பசுங்கணிகம். தாவரங்களின் பசுங்கணிகத்தைச் சுற்றி இரண்டு சவ்வுகள் இருக்கும்; பழுப்புப் பாசியில் நான்கு இருக்கின்றன. விழுங்கியதன் தடயம் அந்தக் கூடுதல் சவ்வுகள். பச்சையத்திலும் வேறுபாடு உண்டு: தாவரங்களிடம் இருப்பவை ஏ, பி வகைகள், இங்கே ஏ, சி வகைகள். அவற்றோடு ஃபியூக்கோசாந்தின் என்னும் ஆரஞ்சு நிறமி சேர்ந்துகொள்ள, பச்சையும் ஆரஞ்சும் கலந்து நமக்குப் பழுப்பாகத் தெரிகிறது. கடலுக்குள் இறங்க இறங்க எஞ்சும் நீலப்பச்சை ஒளியைப் பிடிப்பது இந்த நிறமியின் வேலை. இதைக் கண்ணால் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. புதிதாக எடுத்த பழுப்புப் பாசித் துண்டைக் கொதிநீரில் முக்கினால், சில நொடிகளில் பளிச்சென்று பச்சையாக மாறிவிடும். சூட்டில் ஃபியூக்கோசாந்தின் பிணைந்திருக்கும் புரதம் குலைந்து, அதுவரை மறைந்திருந்த பச்சையம் வெளிப்படுகிறது.

பழுப்புப் பாசிகளில் ஏறக்குறைய 2000 இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றைத் தவிர எல்லாமே கடல்வாசிகள். ஒற்றைச் செல்லாகவே வாழ்ந்து முடியும் பழுப்புப் பாசி ஒன்றுகூட இதுவரை அறியப்படவில்லை. மிக எளிய எக்டோகார்பஸ்கூடப் பல செல்களாலான இழைதான். பல செல்களைக் கொண்டு பெரிய உடலைக் கட்டும் வித்தையை உயிர்கள் சில முறைதான் கண்டுபிடித்திருக்கின்றன. விலங்குகள் ஒருமுறை, நிலத்தாவரங்கள் ஒருமுறை, பழுப்புப் பாசிகள் தனியாக ஒருமுறை. எக்டோகார்பஸின் முழு மரபணுத்தொகுதி 2010இல் வெளிவந்தபோது ஆய்வாளர்கள் முக்கியமாகத் தேடியதும் இந்த வித்தையின் தடயங்களைத்தான்.

அந்த வித்தையின் உச்சம் கெல்ப். மேக்ரோசிஸ்டிஸ் என்னும் ராட்சதக் கெல்ப் 45 மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. நல்ல சூழலில் ஒரே நாளில் அரை மீட்டர் நீளும். மூங்கிலோடு போட்டி போடும் வேகம் இது. ஆனால் அதை மரம் என்று அழைப்பவர்களோடு எனக்குச் சின்ன வழக்கு உண்டு. அடியில் இருக்கும் பற்றுறுப்பு வேர் ஆகாது. பாறையைக் கவ்விக்கொள்வது மட்டுமே அதன் வேலை. உணவை உறிஞ்சுவது உடலின் மேற்பரப்பு முழுவதும். காம்பில் கட்டை கிடையாது. நீரே தாங்கிக்கொள்வதால் விறைத்து நிற்க வேண்டிய தேவை அதற்கு இல்லை; அலையோடு வளைந்து கொடுத்தால் போதும். அந்த வளைவைத் தருவது செல்சுவரில் உள்ள ஆல்ஜினேட் என்னும் கூழ்மப்பொருள். இலைத்தாள்களை ஒளி இருக்கும் மேல்மட்டத்துக்குத் தூக்கிப் பிடிப்பவை காற்றுப்பைகள். வட பசிபிக்கின் நீரியோசிஸ்டிஸ் என்னும் கெல்ப்பின் காற்றுப்பைக்குள் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுகூட இருக்கிறது. மேலே கூரையில் தயாராகும் சர்க்கரைப் பொருள்கள் இருளில் கிடக்கும் அடிப்பகுதிக்கு இறங்கக் குழாய் போன்ற செல்வரிசைகளும் உண்டு. நிலத்தாவரத்தின் உணவுக் குழாய்களைப் போலவே வேலை செய்யும் இவற்றை, தாவரங்களோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் இந்த வம்சம் தானாகவே உருவாக்கிக்கொண்டது.

இவ்வளவு பெரிய கெல்ப்பின் வாழ்க்கையில் பாதி, கண்ணுக்கே தெரியாமல் கழிகிறது என்பதையும் மாணவி குறித்துக்கொள்ளலாம். ராட்சத உடல் உதிர்ப்பவை நீந்தும் ஸ்போர்கள். ஒவ்வொன்றுக்கும் நீளம் வேறுபட்ட இரண்டு கசையிழைகள். அவை பாறையில் ஒட்டி, ஆண் பெண் எனத் தனித்தனியாக, உருப்பெருக்கியில் மட்டுமே தெரியும் இழைகளாக வளர்கின்றன. பெண் இழையின் முட்டை வேதிச் சமிக்ஞை ஒன்றை நீரில் கசியவிட, ஆண் செல்கள் அதைத் தேடி வருகின்றன. கருவுற்ற முட்டையிலிருந்து மறுபடியும் ராட்சதன். இந்தத் தலைமுறை மாற்றத்தை 1915இல் பிரெஞ்சு ஆய்வாளர் கமீல் சோவஜோ விளக்கும்வரை கெல்ப்பின் குழந்தைப் பருவம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது புதிராகவே இருந்தது.

இனி இரண்டாவது கேள்வி. கடலில் இவற்றின் வேலை என்ன என்று கேட்டால் பலரும் உணவு உற்பத்தி என்பார்கள். அரைகுறையான பதில் அது. கடலின் ஒளிச்சேர்க்கையில் பெரும்பங்கு மிதக்கும் நுண்பாசிகளுடையது. பழுப்புப் பாசி வாழ்வது பாறை விளிம்பில், ஒளி எட்டும் குறுகிய பட்டையில் மட்டுமே. அங்கே அது செய்யும் பெரிய வேலை இடம் உண்டாக்குவது. வெறும் பாறையும் நீரும் இருந்த இடத்தில் அடித்தளம், நடுத்தளம், கூரை என்று ஒரு கட்டடத்தை எழுப்புகிறது. பற்றுறுப்பின் முடிச்சுகளுக்குள் புழுக்களும் நண்டுகளும், காம்பின் மேல் சிவப்புப் பாசிகளும் கடற்பஞ்சுகளும், கூரையடியில் மீன்குஞ்சுகளும் குடியேறுகின்றன. அலையின் வேகம் உள்ளே தணிகிறது. 1834 ஜூனில் தென்னமெரிக்காவின் தென்கோடியான தியரா டெல் ஃபியூகோ கடலில் கெல்ப்பைப் பிடுங்கி உதறிப் பார்த்த டார்வின், வேறெந்த நாட்டின் காட்டை அழித்தாலும் இந்தக் கெல்ப் அழிந்தால் மடியும் அளவுக்கு உயிரினங்கள் மடியா என்ற பொருளில் எழுதிவைத்தார்.

வேடிக்கை என்னவென்றால், அத்தனை உயிர்கள் குடியிருந்தும் உயிரோடு இருக்கும் கெல்ப்பைக் கடித்துத் தின்பவை குறைவு. ஃபுளோரோடானின் என்னும் துவர்ப்புப் பொருள்களைச் செல்களில் தேக்கிப் பழுப்புப் பாசிகள் தங்களைக் காத்துக்கொள்கின்றன. கெல்ப் உற்பத்தி செய்வதில் சராசரியாகச் சுமார் 80 விழுக்காடு, கிழிந்தும் உதிர்ந்தும் மட்காகத்தான் உணவு வலைக்குள் போகிறது என்று உலகெங்கும் எடுத்த அளவீடுகள் காட்டுகின்றன. அந்த மட்கு கரையில் ஒதுங்கி மணல்பூச்சிகளுக்கு இரையாகிறது. ஆழத்துக்கு உருண்டுபோய் ஒளியே காணாத பள்ளத்தாக்குகளில் வாழும் உயிர்களுக்குச் சோறாகிறது. ஒரு பகுதி பல்லாண்டுகளுக்கு ஆழத்திலேயே தங்கிவிடுவதால் கார்பனைப் புதைக்கும் வழியாகவும் இதைச் சொல்கிறார்கள். கெல்ப்பை நட்டுக் கார்பன் கடனை அடைத்துவிடலாம் என்று விற்பனை செய்பவர்களை மட்டும் நான் நம்புவதில்லை. எந்தத் துண்டு எங்கே போய் எத்தனை ஆண்டு கிடக்கும் என்று கணக்கு வைப்பது அவர்கள் சொல்வதுபோல் எளிய காரியம் இல்லை.

கட்டடம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதன் ஆயுள் வேறொருவர் கையில் இருக்கிறது. அலாஸ்காவின் அலூசியன் தீவுகளில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். 1970இல் ஜேம்ஸ் எஸ்டெஸ் என்னும் இளைஞர் அங்குள்ள ஆம்சிட்கா தீவுக்குப் போனார். அமெரிக்க அரசு அங்கே நிலத்தடி அணுகுண்டுச் சோதனை நடத்தவிருந்தது. அதனால் கடல் நீர்நாய்களுக்கு என்ன ஆகும் என்று பார்க்க அணுசக்தி ஆணையம் பணம் கொடுத்திருந்தது. அறிவியலுக்கு நிதி எந்தெந்த வாசல் வழியாகவெல்லாம் வருகிறது பாருங்கள். ஆம்சிட்காவில் நீர்நாய்களும் நிறைய, கெல்ப்பும் நிறைய. மேற்கே ஷெம்யா தீவில் நீர்நாய் இல்லை. அங்கே நீரில் குதித்துப் பார்த்தபோது கெல்ப்பும் இல்லை. பாறையெங்கும், முட்கள் சிலிர்த்த உருண்டை உடலுள்ள கடல் முள்ளெலிகள் கம்பளம் விரித்தாற்போல் மண்டிக் கிடந்தன.

விளக்கம் எளிமையானது. நீர்நாய் முள்ளெலியைத் தின்கிறது. முள்ளெலி கெல்ப்பைத் தின்கிறது. மயிர்த்தோல் வணிகம் நீர்நாய்களை வேட்டையாடித் தீர்த்திருந்தது. ஒரு காலத்தில் ஒன்றரை முதல் மூன்று லட்சம் வரை இருந்ததாக மதிப்பிடப்படும் இந்த விலங்கு, 1911இல் பன்னாட்டு ஒப்பந்தம் வேட்டையைத் தடுத்தபோது ஓரிரண்டாயிரமாகச் சுருங்கியிருந்தது. ஆம்சிட்காவில் மிச்சமிருந்தவை பெருகின. ஷெம்யாவில் மிச்சமே இல்லை. காவலாள் இல்லாத இடத்தில் முள்ளெலிகள் கெல்ப்பின் அடிக்காம்பை மென்று அறுத்துவிட, முழு உடலும் பிய்த்துக்கொண்டு மிதந்து போய்விட்டது. எஸ்டெஸும் ஜான் பால்மிசானோவும் 1974இல் இதை வெளியிட்டார்கள். கதை அதோடு நிற்கவில்லை. 1990களில் ஆம்சிட்கா உள்ளிட்ட தீவுகளிலும் நீர்நாய்கள் மளமளவென்று குறைந்தன. கரையோரத்துக்கு வந்து நீர்நாய்களை வேட்டையாடத் தொடங்கிய ஓர்க்கா திமிங்கலங்களே காரணம் என்று எஸ்டெஸ் குழுவினர் 1998இல் வாதிட்டனர். முள்ளெலிகள் மீண்டும் பெருகின, கெல்ப் மறுபடியும் சரிந்தது.

ஷெம்யா போன்ற பொட்டல்கள் எளிதில் மீள்வதில்லை. முள்ளெலி பட்டினியால் சாகாது. உடலைச் சுருக்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும், துளிர்க்கும் கெல்ப் குருத்தை உடனே தின்றுவிடும். வட கலிபோர்னியாவில் இதையே நம் காலத்தில் பார்த்தோம். 2013 முதல் ஒரு கொள்ளைநோய் நட்சத்திர மீன்களைக் கரைத்துச் சாகடித்தது. முள்ளெலியைத் தின்னும் சூரியகாந்தி நட்சத்திர மீனும் அதில் அழிந்தது. 2014 முதல் 2016 வரை கடல் அசாதாரணமாகச் சூடேறியது. வேட்டைக்காரனும் போய், குளிரும் போன பிறகு, அங்கிருந்த நீரியோசிஸ்டிஸ் கூரையில் 90 விழுக்காட்டுக்கு மேல் மறைந்துவிட்டது. கெல்ப்பை நம்பியிருந்த அபலோன் சிப்பிகள் பட்டினியில் மடிய, அவற்றைப் பொழுதுபோக்காகப் பிடிப்பதற்கும் 2018இல் தடை விதித்தார்கள். ஆனால் எல்லாக் கெல்ப் காடும் நீர்நாயை நம்பித்தான் நிற்கிறது என்று எழுதிவிடாதீர்கள். தெற்குக் கலிபோர்னியாவில் சிங்கிறால்களும் சில மீன்களும் அந்தக் காவலைச் செய்கின்றன. பல இடங்களில் புயலே பெரிய எதிரி.

எதிலும் ஒட்டாமல் வாழும் பழுப்புப் பாசிகளும் இருக்கின்றன. வட அட்லாண்டிக்கின் நடுவே, கரையே இல்லாத சர்காசோ கடலில் மிதக்கும் இரண்டு சர்காசம் இனங்களுக்குப் பற்றுறுப்பும் இல்லை, பாலினப் பெருக்கமும் அறியப்படவில்லை. துண்டு துண்டாக உடைந்தே பெருகுகின்றன. 1492 செப்டம்பரில் கொலம்பஸின் கப்பல்கள் கடந்து போனது இந்தப் பாசித் திட்டுகளைத்தான். ஆமைக்குஞ்சுகள் இவற்றுக்குள் ஒளிந்து வளர்கின்றன. பாசியின் நிறத்தையும் கிழிசல் உருவத்தையும் அப்படியே போர்த்திக்கொண்ட மீன் ஒன்று இங்கேயே வாழ்கிறது. ஐரோப்பிய விலாங்கும் அமெரிக்க விலாங்கும் முட்டையிட இந்தக் கடலுக்குத்தான் வருகின்றன. 2011க்குப் பிறகு இதே பாசி தெற்கே வெப்பமண்டல அட்லாண்டிக்கில் கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்கியது. 2018இல் மேற்கு ஆப்பிரிக்கா முதல் மெக்சிகோ வளைகுடா வரை 8,850 கிலோமீட்டர் நீளத்துக்கு, 2 கோடி டன்னுக்கும் மேலான பாசி மிதந்ததைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணக்கிட்டார்கள். நடுக்கடலில் அடைக்கலமாக இருக்கும் இது, கரீபியன் கரைகளில் மலையாகக் குவிந்து அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடைக் கக்குகிறது. ஆழமற்ற நீரில் கடற்புல்லையும் பவளத்தையும் மூடிச் சாகடிக்கிறது.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வரலாம். கெல்ப் குளிர்நீரில் வாழும் உயிர். பெரும்பாலான கெல்ப் இனங்களுக்கு நீர் 20 டிகிரி செல்சியசைத் தாண்டினால் சங்கடம். மன்னார் வளைகுடாவில் கோடையில் நீர் 30 டிகிரியை எட்டிவிடும். சூடு மட்டுமே காரணமும் இல்லை. சூடான மேல்நீரில் நைட்ரேட் மிகக் குறைவு. ஒரு நாளைக்கு அரை மீட்டர் வளர வேண்டிய உடலுக்கு அது பட்டினி. குளிர்ந்த, சத்து நிறைந்த ஆழநீர் மேலேறி வரும் கலிபோர்னியா, பெரு, சிலி, தென்னாப்பிரிக்கக் கரைகளில் கெல்ப் செழிப்பது அதனால்தான். வெப்பமண்டலத்திலும் ஒளி எட்டக்கூடிய ஆழத்தில் குளிர்நீர் இருந்தால் அங்கே கெல்ப் ஒளிந்து வாழ முடியும். நிலநடுக்கோட்டில் இருக்கும் கலாபகோஸ் தீவுகளில், மேல்நீருக்குக் கீழே தெளிந்த ஆழத்தில் இப்படிப்பட்ட கெல்ப் திட்டுகளை 2007இல் வெளியிட்டார்கள்.

நமக்கு அருகிலேயே ஓர் உதாரணம் இருந்தது. ஓமானின் தோஃபார் கரையில், தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் ஆழநீர் மேலேறி அரபிக்கடலின் அந்த மூலையைக் குளிர வைக்கிறது. அங்கே எக்லோனியா ரேடியாட்டா என்னும் கெல்ப் வளர்ந்துவந்தது. நமக்கு மழையைக் கொண்டுவரும் அதே காற்றுதான் அங்கே கெல்ப்பை வாழவைத்தது. இந்த இனத்தின் மற்றச் சொந்தங்களெல்லாம் தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருக்க, இது மட்டும் வடகோளத்தில் தனித்து நின்றது. அண்மைக் காலத் தேடல்களில் அதைக் காணவில்லை. அது மறைந்துவிட்டதாக 2022இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது அங்கே இருந்தது என்பதற்குப் பழைய உலர்மாதிரிகள்தான் சாட்சி.

கெல்ப் விட்டுவைத்த இடத்தை நம் கடலில் சர்காசமும் டர்பினேரியாவும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. இவை ஆளுயரத்தை எட்டுவதே அரிது. பாறையிலும் இறந்த பவளத்தின் மேலும் ஒட்டி வளர்ந்து, மழைக்காலத்தை ஒட்டிய மாதங்களில் அடர்ந்து, பிறகு மேற்பகுதியை உதிர்த்துவிட்டு அடிப்பகுதியாகச் சுருங்கிக் கிடக்கும். கரையில் குவியும் பாசியில் பெரும்பகுதி இப்படி உதிர்ந்ததுதான். கெல்ப் போல நிரந்தரக் கூரை இல்லை என்றாலும், அடர்ந்திருக்கும் மாதங்களில் இறால் குஞ்சுக்கும் மீன்குஞ்சுக்கும் இதுவே மறைவிடம். இங்கே போட்டியாளர் முள்ளெலி மட்டும் இல்லை, பவளமும்தான். 2010, 2016 ஆண்டுகளில் நிகழ்ந்ததுபோல் சூட்டால் பவளம் வெளுத்துச் சாகும்போது, காலியாகும் இடத்தில் முதலில் குடியேறுபவை பாசிகள். கிளிமீன் போன்ற மேய்ச்சல்காரர்கள் போதுமான அளவில் இருந்தால் கட்டுக்குள் இருக்கும்; அவற்றை நாம் பிடித்துத் தீர்த்துவிட்டால் இளம் பவளம் ஒட்ட இடம் கிடைக்காது. ஆகவே பழுப்புப் பாசி அதிகம் இருந்தால் கடல் நலமாக இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. கலிபோர்னியாவில் அது நலத்தின் அடையாளம், பவளத்திட்டில் பல நேரம் நோயின் அடையாளம்.

இந்தக் கரையில் பாசி எடுக்கும் பெண்கள் சர்காசத்தைக் கட்டக்கோரை என்றும், டர்பினேரியாவைப் பக்கோடா பாசி என்றும் அழைக்கிறார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து அறுத்தெடுப்பார்கள். காய்ந்த பாசி ஆல்ஜினேட் ஆலைகளுக்கும் திரவ உரம் தயாரிப்பவர்களுக்கும் போகிறது. கெல்ப்பை வளையவைக்கும் அதே ஆல்ஜினேட், துணியில் அச்சிடும் சாயத்தைப் பரவாமல் பிடித்துவைக்கிறது, ஐஸ்கிரீமைப் பனித்துகள் ஆகாமல் காக்கிறது, பல் மருத்துவர் அச்செடுக்கும் மாவாகிறது. பிரிட்டிஷ் வேதியியலாளர் எட்வர்டு ஸ்டான்ஃபோர்டு இதை 1880களில் கெல்ப்பிலிருந்து பிரித்தெடுத்தார். அதற்கு முன்பே 1811இல், பெர்னார் கூர்த்துவா பாசிச் சாம்பலிலிருந்து அயோடினைக் கண்டுபிடித்திருந்தார். வெடிமருந்துக்கு உப்பு காய்ச்சப் போனவருக்குக் கிடைத்தது ஊதா நிற ஆவி.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் வருவதால் அங்கே பாசி எடுப்பது வனத்துறையோடு ஓயாத இழுபறியாகவே இருந்துவருகிறது. அடிப்பகுதியை விட்டுவிட்டு மேலே மட்டும் அறுத்தால் பாசி மறுபடி தழைக்கும் என்பது உயிரியல் ரீதியாகச் சரியான வாதம். பற்றுறுப்போடு பிடுங்கினால் அந்த வாதம் நிற்காது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பெண்கள் நன்றாக அறிவார்கள். அவர்களோடு உட்கார்ந்து விதி எழுதுவது, விலக்கிவைத்து விதி எழுதுவதைவிடப் பலன் தரும் என்பது என் கருத்து.

கரையில் ஒதுங்கியதை எடுத்து மாணவியே அடையாளம் காணலாம். சிறிய இலைகளுக்கு நடுவே மிளகளவு உருண்டைக் காற்றுப்பைகள் இருந்தால் சர்காசம். மன்னாரில் பெருவாரியாகக் கிடைக்கும் இனத்துக்குச் சர்காசம் வைட்டியை என்று பெயர். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் நினைவாக வைத்தது. இலைகள் கூம்பு வடிவில் தடித்து, நுனி தட்டையாகி, விளிம்பில் பற்கள் இருந்தால் டர்பினேரியா. விசிறிபோல் விரிந்து, வளைவு வளைவான கோடுகளோடு சற்றே வெளிறித் தெரிந்தால் அது பாடினா. அந்த வெளிறல் சுண்ணாம்பு. பழுப்புப் பாசிகளில் உடலில் சுண்ணாம்பைப் படியவைப்பவை மிக அரிது. ஒரு சொட்டு நீர்த்த அமிலம் விட்டால் அதிலிருந்து குமிழ் எழும்பும்.